சபையின் தர்ம நிதி: பக்கத்திலும் தூரத்திலும் உதவுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுக் கூட்டத்திலும், ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே சேர்த்திருக்கிறோம். ஐம்பது பேர் கூடும் சபையானாலும் ஐந்நூறு பேர் கூடும் சபையானாலும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை. வரிச் சலுகை, பதிவு போன்றவை நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நான் போடுற காணிக்கையிலயே ஏழைகளுக்கும் போயிடுதுதானே? தனியா வேற எதுக்கு?"

போகலாம், போகாமலும் இருக்கலாம். பொதுக் காணிக்கை முதலில் போதகர் சம்பளம், மின் கட்டணம், கட்டடப் பராமரிப்பு, ஞாயிறு பள்ளி என்று செலவாகும். தர்மத்துக்கு இத்தனை பங்கு என்று ஆண்டுக் கூட்டம் தீர்மானம் போட்டிருந்தால்தான் அந்தக் காணிக்கையில் ஏழைக்கும் இடம் உண்டு. தீர்மானம் இல்லாத சபையில் "மிச்சம் இருந்தா கொடுப்போம்" என்பதுதான் நடக்கும். மிச்சம் இருக்காது.

தீர்மானம் இருக்கிறதா என்று செயலரிடம் கேளுங்கள். இருந்தால், கணக்குப் புத்தகத்தில் தர்ம நிதிக்குத் தனிப் பக்கமும், முடிந்தால் தனி வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். பொதுக் கணக்கோடு கலந்து கிடக்கும் தர்மப் பணம், கூரை ஒழுகுகிற மாதத்தில் கடனாக எடுக்கப்படும். திரும்ப வைக்கப்படுவது அபூர்வம்.

"நூத்துக்கு எத்தனை ஒதுக்கணும்?"

வேதாகமத்தில் சபைக்கென்று ஒரு விகிதம் சொல்லப்படவில்லை. தனி மனிதரைப் போலச் சபையும் தன் வரவில் தசமபாகம் கொடுக்கட்டும் என்று பல சபைகள் நூற்றுக்கு 10 வைக்கின்றன. இதுவரை ஒன்றும் ஒதுக்காத சபை நேரே பத்துக்குத் தாவினால் மூன்றாவது மாதமே தடுமாறும். 5-ல் தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாகக் கூட்டுவது நிலைக்கும். வரப்போகும் வரவை ஊகித்துக் கணக்கிடாமல், போன மாதம் கைக்கு வந்த தொகையில் கணக்கிடுங்கள்.

அந்தப் பங்கை மூன்றாகப் பிரித்து வைக்கலாம்: 50 பக்கத்துத் தேவைக்கு, 30 தூரத்துப் பணிகளுக்கு, 20 அவசர இருப்புக்கு. அவசர இருப்பு மூன்று மாத தர்மச் செலவை எட்டியதும் அதில் சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள். இருப்பு பெருத்துக்கொண்டே போவதும் ஒரு நோய்தான்.

"நம்ம சபையே பற்றாக்குறையில ஓடுது. இதுல தர்மம் எப்படி?"

பவுல் எருசலேம் பரிசுத்தவான்களுக்காகப் பணம் திரட்டியபோது முன்மாதிரியாகக் காட்டியது கொடிய தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபைகளை (2 கொரிந்தியர் 8). அதற்காக வாடகை பாக்கி வைத்துவிட்டுத் தர்மம் செய்யச் சொல்லவில்லை. நூற்றுக்கு 1 கூடப் போதும், அது மாதந்தோறும் தவறாமல் போனால். பணம் சுத்தமாக இல்லாவிட்டால் ஆள் நேரம் இருக்கிறது: மருத்துவமனைக்குத் துணைக்குப் போவது, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, முதியவருக்கு மருந்து வாங்கி வருவது.

"யாருக்குக் கொடுக்கிறதுன்னு போதகரே முடிவு பண்ணிட்டுப் போகலாமே? கமிட்டி எதுக்கு?"

எருசலேம் சபையில் கிரேக்கு மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் அந்த வேலையைத் தாங்களே வைத்துக்கொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 6). எல்லாவற்றையும் ஒருவர் முடிவு செய்தால், அவர் கண்ணில் படுகிறவர்களுக்கே கிடைக்கும். கிடைக்காதவர் கோபமும் அவர்மேலேயே விழும்.

ஐந்து பேர் போதும். பெண்கள் இரண்டு பேராவது இருக்கட்டும், வீட்டு நிலவரம் அவர்களிடம்தான் முதலில் வரும். பொருளாளர் தலைவராக இருக்க வேண்டாம். தன் உறவினர் விண்ணப்பம் வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும், அது குறிப்பேட்டில் பதியப்பட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு வரும் அவசரத்துக்காகப் போதகர் கையில் ஒரு சிறு தொகை இருக்கலாம். அதற்கு மாத உச்சவரம்பு வையுங்கள். பெயர் எழுதாமல் எண் போட்டு, தேதி, தொகை, காரணம் மட்டும் எழுதிய சீட்டு மாதக் கடைசியில் பொருளாளரிடம் போகட்டும்.

"தட்டுல விழுற பணத்தை எண்ணுறதுல என்ன இருக்கு? இவ்வளவு கெடுபிடி ஏன்?"

நம்பிக்கையில்லாமல் அல்ல, எண்ணுகிறவரைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்ற. பவுல்கூடக் காணிக்கையைத் தனியாக எடுத்துப் போகவில்லை. ஒருவரும் குற்றப்படுத்த இடமில்லாதபடி என்று காரணம் சொல்லியே தீத்துவோடு சபைகள் நம்பிய வேறு சகோதரரையும் அனுப்பினார்.

முறை இது. ஒரே வீட்டைச் சேராத இரண்டு பேர், அதே நாளில், கதவு திறந்த அறையில், மேசைமேல் எண்ண வேண்டும். முதலில் கவர்களையும் உதிரிப் பணத்தையும் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கவரிலும் எழுதியிருக்கும் நோக்கத்தைப் படித்து, கவரைக் கிழிப்பதற்கு முன்பே அதற்கான குவியலில் வைக்க வேண்டும். கோளாறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது: எல்லாக் கவரையும் முதலில் கிழித்துக் கொட்டிவிட்டு, எது வெள்ள நிவாரணம், எது ஸ்தோத்திரக் காணிக்கை என்று பிறகு தேடுவார்கள். ஒருவர் எண்ணியதை மற்றவர் மறுபடி எண்ணி, நோட்டு வாரியாகத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, மறு வேலைநாளில் முழுத் தொகையையும் வங்கியில் கட்ட வேண்டும். பெட்டியிலிருந்தே செலவுக்கு எடுத்துவிட்டு மீதியைக் கட்டினால், வங்கிச் சீட்டும் எண்ணிக்கைத் தாளும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

"உதவி கேட்டு வர்றவங்களை மனசு நோகாம எப்படி விசாரிக்கிறது?"

கூட்டத்துக்கு வரவழைத்து ஐந்து பேர் முன்னால் நிற்க வைக்காதீர்கள். இரண்டு பேர் அவர் வீட்டுக்கோ, அவர் சொல்லும் இடத்துக்கோ போகட்டும். கேட்க வேண்டியது மூன்றே: எது அவசரம், எந்தத் தேதிக்குள்? வேறு யாரிடம் கேட்டிருக்கிறீர்கள்? அடுத்த மாதம் இதே நிலைதான் இருக்குமா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒரு தடவை தாண்டிவிடக்கூடிய நெருக்கடிக்கும், மாதாமாதம் விழும் பள்ளத்துக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

முடியும்போது தொகையை நேரே வீட்டுச் சொந்தக்காரருக்கோ மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ கட்டி ரசீது வாங்குங்கள். ஆனால் இதையே சட்டமாக்காதீர்கள். பேருந்துச் செலவையும் கைச் செலவையும் யாருக்கு நேரே கட்டுவீர்கள்? ஆம் என்றோ இல்லை என்றோ இரண்டு நாளுக்குள் பதில் போக வேண்டும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அவர் கஷ்டம் ஒலிபெருக்கியில் வரக் கூடாது. ஒரே குடும்பம் ஆண்டுக்கு மூன்றாவது முறை வந்தால் அதே தொகையை மறுபடி கொடுப்பதை நிறுத்திவிட்டு, கடன் அடைப்பு, வேலை, அரசு உதவித் திட்டம் எதுவென்று கூட உட்கார்ந்து பாருங்கள்.

"நம்ம சபையில இல்லாதவங்களுக்கும் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். பக்கத்துத் தேவைக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதி வெளியாருக்கு என்று முன்பே எழுதி வைத்தால், ஒவ்வொரு முறையும் இந்த வாதம் வராது. ஆராதனைக்கு வந்தால்தான் என்ற நிபந்தனை கூடாது. காரணம் கீழே சுவிசேஷம் பற்றிய கேள்வியில்.

"வீட்டுல நல்ல துணி நிறைய இருக்கு, பழைய மருந்து இருக்கு. பணத்துக்குப் பதிலா அதைக் கொடுத்தா என்ன?"

தூரத்துக்கு என்றால் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதிச் சாலையோரங்களில் பழைய துணி குவிந்து கிடந்தது. குளிர் நாட்டுக் கம்பளி உடைகள்கூட அதில் இருந்தன. உயிர் பிழைத்தவர்களுக்குக் கட்டிய துணியைத் தவிர ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனாலும் யாரோ உடுத்திக் கழித்ததை எடுக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. அதை அள்ளி அப்புறப்படுத்துவதே தனி வேலையாயிற்று. இது அங்கே மட்டும் நடந்ததல்ல. பிரிக்க ஆள், வைக்க இடம், ஏற்ற வண்டி மூன்றும் இல்லாத வேளையில் மூட்டை போய் இறங்கினால், வரும் வழியில் உள்ள தண்ணீர் லாரிக்கும் அதுவே தடை.

மருந்துக்கு எழுதப்பட்ட விதியே உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1996-ல் வெளியிட்ட மருந்து நன்கொடை வழிகாட்டி, போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓர் ஆண்டாவது இருக்க வேண்டும், நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்து கூடாது என்கிறது. ஆக, வீட்டு அலமாரியில் மீந்த மாத்திரைகள் எதுவும் தேறாது. குழந்தைகளுக்கான பால் பவுடரையும் அனுப்பாதீர்கள். சுத்தமான தண்ணீரும் கொதிக்க வைக்க அடுப்பும் இல்லாத முகாமில் புட்டிப்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், தாய்ப்பாலையும் குறைத்துவிடும்.

பக்கத்துத் தேவைக்குப் பொருள் நல்லதுதான், பட்டியல் போட்டுக் கேட்டால். சபை வளாகத்தில் உணவுப் பொருள் அலமாரி வைத்தால், புதிதாக வருவதைப் பின்னால் அடுக்கி, காலாவதி நெருங்குவதை முன்னால் வையுங்கள். ஒவ்வொரு தட்டிலும் மாதத்தின் பெயரை எழுதி ஒட்டினால் போதும், யார் அடுக்கினாலும் தப்பு வராது. உடைந்த மூடி, உப்பிய டின், லேபிள் இல்லாத பாட்டில் எதையும் "வேணும்னா எடுத்துக்கட்டும்" என்று வைக்காதீர்கள்.

"தூரத்துல ஒரு ஊழியம் பணம் கேக்குது. நம்பலாமான்னு எப்படிப் பார்க்கிறது?"

கேட்க வேண்டியவை: பதிவுச் சான்று, தணிக்கை செய்த கடைசி இரண்டு ஆண்டுக் கணக்கு, அமைப்பின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு, நிர்வாகக் குழுப் பெயர்ப் பட்டியல், பிள்ளைகளோடு வேலை செய்வதானால் பிள்ளைப் பாதுகாப்பு விதிகள். நிர்வாகக் குழுவில் கணவன், மனைவி, மகன், மைத்துனர் என்று ஒரே குடும்பம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வேலை செய்யும் ஊரில் உள்ள வேறொரு சபையிடமோ ஆசிரியரிடமோ நீங்களாக விசாரியுங்கள். அவர்கள் கொடுக்கும் ஆளிடம் மட்டும் அல்ல.

"போன வருஷம் எது சரியா வரலை?" என்றும் கேளுங்கள். ஒன்றுமே தவறவில்லை என்று பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். முதல் முறை சிறு தொகை, ஆறு மாதத்தில் அறிக்கை, பிறகு பெரிய தொகை.

"நம்ம பணம் முழுசும் ஏழைக்கே போகணும். ஆபீஸ் செலவுக்கு ஒரு காசு போகக் கூடாது."

நோக்கம் நல்லது; ஆனால் இதற்கு முந்தின பதிலில் கேட்ட தணிக்கைக் கணக்கை எழுதியவருக்கு யார் சம்பளம் கொடுப்பது? மருத்துவ முகாமுக்குச் செவிலியர் போகும் வண்டிக்கு எரிபொருள்? "நிர்வாகச் செலவே இல்லை" என்று விளம்பரம் செய்யும் அமைப்பு, ஒன்று அதை வேறு தலைப்பில் எழுதுகிறது, அல்லது கணக்கே எழுதுவதில்லை. விகிதத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், சொன்ன வேலை நடந்ததா என்று பாருங்கள். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது: 50 சதவீதமாக இருந்த நிர்வாகச் செலவு உச்சவரம்பு 2020 திருத்தத்தில் 20 ஆனது.

"வெளிநாட்டுல இருக்கிற ஊழியக்காரர் சொந்த அக்கவுண்டுக்கே அனுப்பச் சொல்றார். அனுப்பலாமா?"

கூடாது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவர் இறந்தாலோ, அவர்மேல் விசாரணை வந்தாலோ அந்தப் பணம் அவர் சொந்தச் சொத்தாகத்தான் கருதப்படும். பெறும் நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவுக்கு அனுப்புவதானால், பெறும் அமைப்பு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் இறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அந்த அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஆகவே "பெரிய அமைப்புக்கு அனுப்புங்க, அவங்க எங்களுக்குத் தருவாங்க" என்ற ஏற்பாடு செல்லாது.

அனுப்பும்போது கணக்கின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள், வெளிநாட்டுப் பணம் போய்ச் சேர வேண்டிய வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டையும் சேர்த்து. முதலில் சிறு தொகை அனுப்பி, எவ்வளவு கைக்கு வந்தது என்று கேளுங்கள். இடையில் உள்ள வங்கி கட்டணம் பிடித்திருந்தால் அதில் தெரிந்துவிடும். மாதாமாதம் சிறிது சிறிதாக அனுப்புவதைவிட மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்பினால் கட்டணம் மிச்சம். "எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், அதில் உள்ள எண்ணை அழைக்காமல், முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் குரல் கேட்டு உறுதி செய்யுங்கள். மோசடிக்காரர்களுக்கு மிகப் பிடித்த வழி இது.

"அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குத்தானே கொடுக்கிறோம். அதுல என்ன தப்பு வரப் போகுது?"

இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். இல்லத்துக்குப் பணம் தலைக்கு இவ்வளவு என்று வந்தால், தலைகளைச் சேர்க்கும் ஆசையும் கூடவே வரும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009-ல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல், வறுமை ஒன்றை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது.

அதனால் உடனே கொடுப்பதை நிறுத்திப் பிள்ளைகளைப் பட்டினி போடச் சொல்லவில்லை. எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் உண்டு, போன ஆண்டு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், திரும்பியவர்களுக்கு என்ன உதவி என்று கேளுங்கள். உங்கள் தொகையில் ஒரு பங்கைப் பெற்றோரோடு இருக்கும் பிள்ளையின் படிப்புக்கும் தாயின் பிழைப்புக்கும் திருப்பச் சொல்லுங்கள்.

"வாலிபர் குழுவைப் பத்து நாள் அங்க அனுப்பி சுவர் கட்டிக் கொடுத்தா?"

பயணச் செலவைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையில் உள்ளூர்க் கொத்தனார் எத்தனை மாதம் வேலை செய்வார் என்றும் கேட்டுப் பாருங்கள். பல் மருத்துவர், கணக்கர், தண்ணீர்க் குழாய் வேலை தெரிந்தவர் என்று அங்கே கிடைக்காத திறமை இருந்து, அவர்களே கூப்பிட்டால் போகலாம். மற்றபடி பார்த்துப் பழகி வரும் பயணம் என்று பெயரிட்டு, தர்ம நிதியைத் தொடாமல், போகிறவர் சொந்தச் செலவில் போகட்டும்.

"பேரிடர் வந்தா அந்த ஞாயிறே சிறப்புக் காணிக்கை எடுத்துடலாமா?"

எடுங்கள். மனம் இளகும் நாட்கள் குறைவு. ஆனால் மூன்றை முதலிலேயே அறிவித்துவிடுங்கள்: எந்த அமைப்பு வழியாக, எந்தத் தேதி வரை, மிஞ்சினால் என்ன. அங்கே முன்பே வேலை செய்துகொண்டிருக்கும் அமைப்பாக இருக்க வேண்டும். அன்று புதிதாக முளைத்த பெயராக இருக்கக் கூடாது. மேலே சொன்ன சரிபார்ப்பை அமைதிக் காலத்தில் முடித்து, இரண்டு பெயரைக் கையில் வைத்திருந்தால் அன்றைக்குத் தவிக்க வேண்டாம்.

முதல் வாரங்களில் தேவை தண்ணீர், கழிப்பிடம், கூரை. ஸ்பியர் எனப்படும் மனிதநேயத் தரநிலை ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீரும், 20 பேருக்கு ஒரு கழிப்பிடமும் குறைந்த அளவாக வைக்கிறது. ஆயிரம் பேர் முகாமுக்குத் தினம் 15,000 லிட்டர். தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள் இதில் எந்த மூலைக்கு? ஆறு மாதம் கழித்து, கேமராக்கள் போன பிறகு, படகும் தையல் இயந்திரமும் பள்ளிக் கட்டணமும் தேவைப்படும். அன்று கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். திரட்டியதில் மூன்றில் ஒரு பங்கை அந்த நாளுக்கு நிறுத்தி வையுங்கள், இதையும் அறிவித்துவிட்டு.

"வெள்ளத்துக்குன்னு வாங்கின பணம் மிஞ்சிடுச்சு. ஆலயக் கூரைக்குப் போட்டுக்கலாமா?"

முடியாது. ஒரு நோக்கம் சொல்லி வாங்கிய பணம் அந்த நோக்கத்துக்கே உரியது. பல நாடுகளில் சட்டமும் அப்படித்தான். கொடுத்தவர்களைக் கேட்டு எழுத்தில் சம்மதம் வாங்கலாம், ஆனால் தட்டில் போட்டவரை எங்கே தேடுவது? அதனால் அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "இந்தத் தேவைக்கு மேல் வரும் தொகை, இதையொத்த வேறு பேரிடர் உதவிக்குத் தர்மக் கமிட்டியின் தீர்மானப்படி செலவிடப்படும்." இந்த ஒரு வரி இல்லாமல் ஆண்டுக்கணக்காக முடங்கிக் கிடக்கும் தொகைகள் உண்டு.

"உதவி செய்யும்போது சுவிசேஷமும் சொல்லலாம்தானே?"

யாராவது "ஏன் செய்றீங்க?" என்று கேட்டால் பதில் சொல்வதை யாரும் தடுக்க முடியாது. வரிசையில் நிற்பவரை ஜெபம் முடியும்வரை காக்க வைப்பதும், பொட்டலத்தோடு கைப்பிரதியைச் சேர்த்துக் கட்டுவதும் வேறு. பசித்தவன் அங்கே மறுக்க முடியாத நிலையில் நிற்கிறான். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-ல் வகுத்த பேரிடர் நன்னடத்தை விதிகளில் மூன்றாவது, உதவியை ஒரு மதக் கருத்தையோ அரசியல் கருத்தையோ வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்பது. பல கிறிஸ்தவ உதவி அமைப்புகளும் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. மிஷனெரிக் காணிக்கைக்கும் நிவாரணக் காணிக்கைக்கும் தனித்தனிக் கவர், தனித்தனிக் கணக்கு வைத்தால் இந்தக் குழப்பமே வராது.

"கொடுத்தவங்களுக்குக் காட்ட போட்டோ வேணுமே?"

அதே 1994 விதிகளில் பத்தாவது, பாதிக்கப்பட்டவர்களை நம்பிக்கையற்ற பொருள்களாகக் காட்டாமல் கண்ணியமான மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்கிறது. பொட்டலத்தை நீட்டும் கையும் வாங்கும் முகமும் சேர்ந்த படம் வேண்டாம். கட்டி முடித்த கிணறு, நிரம்பிய மருந்து அலமாரி, ரசீதுக் கட்டு இவற்றின் படம் போதும். ஆள் இருந்தால் அவர் சம்மதம், பிள்ளையானால் பெற்றோர் சம்மதம், அப்போதும் ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம். கொடுத்தவருக்கு உண்மையில் தேவை ஒரு பக்கக் கணக்கு: வந்தது, போனது, மீதி, எது திட்டப்படி நடக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

"பத்து வருஷமா ஒரு பள்ளிக்கு அனுப்புறோம். நிறுத்தணும்னா எப்படி நிறுத்துறது?"

சொல்லாமல் நிறுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. சம்பளம் வாங்கும் ஆசிரியர் அங்கே இருக்கிறார். ஓராண்டு முன்னறிவிப்பு கொடுத்து, காரணத்தை எழுத்தில் சொல்லி, முதலாண்டு முழுத் தொகை, இரண்டாமாண்டு முக்கால், மூன்றாமாண்டு கால் என்று இறக்குங்கள். அந்த இடைவெளியில் வேறு ஆதரவைத் தேட உங்கள் கமிட்டியே கடிதம் எழுதிக் கொடுக்கலாம். பணம் கையாடப்பட்டிருந்தால் மட்டும் உடனே நிறுத்தலாம். அப்போதும் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவை, அந்த நிர்வாகத்தைத் தாண்டி நேரே கடைக்குக் கட்ட வழியுண்டா என்று முதலில் பாருங்கள்.

புதிதாகத் தொடங்கும் எந்த உதவிக்கும் மூன்றாண்டு என்று ஒப்பந்தத்திலேயே தேதி போட்டு, முடிவதற்கு ஆறு மாதம் முன்பு நீட்டிப்பதா என்று கூடிப் பேசுவதாக எழுதிவிடுங்கள்.